தம்பியின் வலது காது

கெத்செமனித் தோட்டத்தில் ஆண்டவரைப் பிடிக்க வந்த கூட்டத்தில் ஒருவனுடைய காதைப் பேதுரு வெட்டினார். வெட்டுப்பட்டது வலது காது என்று லூக்காவும் யோவானும் குறித்து வைத்திருக்கிறார்கள். பேதுரு கடற்றொழிலாளி. கத்தி பிடித்துப் பழகின கை, கோபம் வந்தால் யோசிக்காது. ஆண்டவர் அந்த இடத்திலேயே அந்தக் காதைத் தொட்டுச் சுகமாக்கினார். நான் அடித்ததும் வலது காதுதான். என் கூடப்பிறந்த தம்பியின் காது. அதை ஒருவரும் தொட்டுச் சுகமாக்கவில்லை.

எங்கள் பங்கில் அன்பியக் கூட்டம் நடக்கும். பத்துப் பதினைந்து குடும்பம் சேர்ந்து, ஒவ்வொரு கிழமையும் ஒவ்வொரு வீட்டில் கூடி வேதாகமம் வாசிப்போம். ஒற்றுமையைப் பற்றின வாசகம் வந்தால் என்னைப் பேசச் சொல்லுவார்கள். நானும் பேசுவேன். ஆனால் கதையின் பாதியைத்தான் பேசுவேன். எட்டாம் வகுப்போடு கடலுக்குப் போனவன் நான், எழுதிப் பழக்கமில்லை. எண்டாலும் மற்றப் பாதியையும் உள்ளபடி எழுதி வைக்க வேணும் என்று கன நாளாக நெஞ்சுக்குள் கிடக்கிறது.

எங்களுடையது மன்னார்த் தீவின் கரையில் ஒரு கத்தோலிக்க ஊர். அப்பா எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு வள்ளத்தை விட்டுவிட்டுப் போனார். பெரியப்பாவின் மகன் ஒருவனையும் சேர்த்து மூன்று பேராகத் தொழில் செய்தோம். தம்பி குடிகாரன். சண்டைக்காலத்தில் பக்கத்தில் செல் விழுந்து அவனுடைய இடது காது முக்கால்வாசி போய்விட்டது. அந்த நாட்களை மறக்கத்தான் குடிக்கிறான் என்று அம்மா சொல்லுவா. பங்குச் சுவாமி கூப்பிட்டுப் புத்தி சொன்னார். நான் கயிற்றால் தென்னையில் கட்டி வைத்து அடித்தேன். பிறகும் குடித்தான். கடைசியில் ஊர் எல்லையில் தகரக் கொட்டில் போட்டு ஒரு அல்லேலூயாச் சபைக்காரர் நடத்தின செபத்துக்குப் போனான். கொஞ்ச நாளிலேயே குடியை விட்டான். அதோடு கோயிலையும் விட்டான்.

உண்மையைச் சொல்லுகிறேன், அவன் குடியை விட்டது எனக்குச் சந்தோசமாக இருக்கவில்லை. நான் அடித்தும் திருந்தாதவனை வேறு ஆட்கள் பாட்டுப் பாடித் திருத்திப் போட்டார்கள் என்பதுதான் என்னைக் குடைந்தது.

அதன் பிறகு வள்ளத்துக்குள் மீனைவிட வசனம்தான் கூட. எபேசியருக்கு எழுதின நிருபத்தின் நாலாம் அதிகாரம் எங்கள் இரண்டு பேருக்கும் மனப்பாடம். ஒரே ஆண்டவர், ஒரே விசுவாசம், ஒரே ஞானஸ்நானம். மற்றவன் தன் பக்கம் வர வேணும் என்பதற்குத்தான் இரண்டு பேரும் அதை எடுப்போம்.

"ஒண்டு எண்டுதானே பவுல் எழுதியிருக்கிறார்? உனக்கு ஏன்டா ரெண்டாந்தரம் முழுக்கு? முதல் ஊத்தின தண்ணி காணாதோ?"

"குழந்தையில ஊத்தினது எனக்கு நினைவில்லை அண்ணன்."

"பிறந்ததும்தான் உனக்கு நினைவில்லை. அதுக்காகத் திரும்பப் பிறப்பியோ?"

"ஓம். திரும்பப் பிறக்கத்தான் வேணும். ஆண்டவர் நிக்கொதேமுக்கு அதைத்தானே சொன்னவர்."

பெரியப்பாவின் மகன் வள்ளத்தின் முன்பக்கம், அணியத்தில் இருந்து விழுந்து விழுந்து சிரித்தான். "இண்டைக்கு மீனெல்லாம் மனந்திரும்பப் போகுது. வலையைக் கெதியா இழுங்கோடா!" அவன் சிரித்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. தண்ணீர் இறைக்கிற தகரத்தை எடுத்துத் தம்பியின் தலையில் ஒன்று போட்டேன். நெற்றி கிழிந்து ரத்தம் கண்ணுக்குள் வழிந்தது. அவன் கடல் தண்ணீரால் கழுவிவிட்டு வலையை இழுத்தான். என்னைவிடப் பலசாலி அவன். திருப்பி அடித்திருந்தால் நான் கடலுக்குள் கிடந்திருப்பேன். அவன் திருப்பி அடிக்காததைக்கூட அகங்காரம் என்றுதான் நான் நினைத்தேன்.

அம்மா அவனோடுதான் இருந்தா. அவ கடைசிவரை கோயில்காரிதான். தம்பி தன் வீட்டுச் சுவரில் இருந்த புனிதர்களின் படங்களை எல்லாம் கழற்றி என் வீட்டுக்குக் கொண்டுவந்து தந்துவிட்டான். அம்மாவின் கட்டிலுக்கு மேலே ஆணியில் மாட்டியிருந்த பாடுபட்ட சுருபத்தை மட்டும் விட்டு வைத்தான். கறுப்பு மரச்சிலுவையில் பித்தளையில் ஆண்டவர் தொங்குகிற சுருபம். "அது அம்மாவின்ர. அவ இருக்குமட்டும் அதில நான் கை வைக்கமாட்டன்" என்றான். இருக்குமட்டும் என்ற சொல்லை நான் பிடித்துக்கொண்டேன். கண்ணை மூடின உடனே கழற்றி எறியத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

அம்மாவுக்குக் கடுமையாகின கிழமை தம்பி கடலுக்கு வரவில்லை. நானும் பெரியப்பாவின் மகனும் மட்டும் போனோம். மூன்றாம் நாள் காலையில் கரைக்கு வரும்போது வெயில் ஏறிவிட்டது. எங்களிடம் மீன் எடுக்கிற முஸ்லிம் வியாபாரி, நாங்கள் நானா என்று கூப்பிடுகிறவர், தண்ணீருக்குள் இறங்கி வந்து வள்ளத்தைப் பிடித்தார்.

"தம்பி, மீனை விடுங்க. உம்மா மௌத்தாம். விடியச் சுபஹுத் தொழுகைக்குப் பிறகுதானாம்."

அம்மா செத்துப்போனா என்று கேட்டும் எனக்கு அழுகை வரவில்லை. "மணி அடிச்சதோ?" என்று கேட்டேன்.

"மணிச் சத்தம் ஒண்டும் கேக்கல்லயே."

எங்கள் ஊரில் ஒரு கோயில்காரர் செத்தால் துக்கமணி அடிக்கும். வயலில் நிற்கிறவர்களும் கடலில் நிற்கிறவர்களும் சிலுவை போட்டுக்கொள்ளுவார்கள். அம்மா செத்து இரண்டு மூன்று மணித்தியாலம் ஆகியும் மணி அடிக்கவில்லை. சாவை மறைத்துப் போட்டார்கள், அம்மாவைச் சபைக்கு எடுத்துப்போட்டார்கள் என்று எனக்குள் ஒரு குரல் கத்தத் தொடங்கியது. நனைந்த உடுப்போடு ஓடினேன். பெரியப்பாவின் மகனும் பின்னால் ஓடி வந்தான்.

தம்பி வீட்டு முற்றத்தில் சபைக்காரர் ஏழெட்டுப் பேர் நின்று கைதட்டிப் பாடிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் தம்புரின் தட்டினாள். உள்ளே போனேன். அம்மா வெள்ளைப் போர்வைக்குள் கழுத்துவரை மூடிக் கிடந்தா. மெழுகுதிரி இல்லை. தலைமாட்டுக்கு மேலே ஆணி மட்டும் இருந்தது.

"சுருபம் எங்கயடா?"

தம்பி என்னைக் கண்டதும் எழும்பி இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு வந்தான். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. "அண்ணன், அது அம்மா..."

மிச்சத்தைச் சொல்ல நான் விடவில்லை. அவனுடைய சேட்டுக் கொலரைப் பிடித்து இழுத்து முகத்தைக் கதவு நிலையோடு அடித்தேன். மூக்கு உடைந்த சத்தம் எனக்கே கேட்டது. முற்றத்துக்கு இழுத்து வந்தேன். வேலியில் இருந்து ஒரு கருக்குமட்டையைப் பிடுங்கினேன். பனைமட்டையின் இரண்டு ஓரமும் மரம் அரிகிற வாள் பல்லு மாதிரி இருக்கும், அதைத் தெரிந்துதான் பிடுங்கினேன். முதுகில் போட்டேன், தோளில் போட்டேன். அவன் தலையைக் குனிந்து கையால் மூடினான். கைக்கு மேலேயே போட்டேன். கை இறங்கின நேரம் மட்டை வலது காதோடு விழுந்தது. காதின் மேல்பாதி கிழிந்து தொங்கியது. பிறகும் இரண்டு தரம் அதே இடத்தில் அடித்தேன்.

பெரியப்பாவின் மகன் சபைக்காரருக்கு நடுவில் பாய்ந்தான். தம்புரின் அடுப்படிக்குள் பறந்தது. பாட்டுப் பாடின ஒரு வயதுபோன மனுசனின் வாயில் குத்தினான். "அல்லேலூயாவோ? அல்லேலூயாவோ?" என்று கேட்டுக் கேட்டுக் குத்தினான். அயலட்டை ஆட்களும் வந்து சேர்ந்தார்கள். சபைக்காரரை வேலிக்கு வெளியே ஒழுங்கைவரைக்கும் துரத்தித் துரத்தி அடித்தார்கள்.

தம்பி தவண்டு தவண்டு வீட்டுக்குள் போனான். நானும் மட்டையோடு பின்னால் போனேன். அவனுடைய பெண்சாதி என் கையைக் கடித்துத் தொங்கினாள்.

"அத்தான், நீங்கள் மனுசனோ? மணி அடிக்க நீங்கள் வர வேணும் எண்டெல்லோ அவர் காத்துக்கொண்டு இருந்தவர்! மூத்த மகன் போய்ச் சொன்னால்தானே மூப்பர் கயித்தைப் பிடிப்பார்!"

கேட்டது, ஆனால் ஏறவில்லை. எங்கள் ஊரில் மூத்த மகன் கோயில் மூப்பரிடம் போய்ச் சொன்ன பிறகுதான் துக்கமணி. மெழுகுதிரித் தண்டும் கறுப்புத் துணியும் மணிக்குப் பிறகுதான் கோயிலில் இருந்து வரும். கோயிலை விட்டவன் எனக்குரிய மரியாதையை எனக்காகப் பிடித்து வைத்திருந்திருக்கிறான். மூத்தவனாகிய நான் அதை மறந்து போனேன்.

தம்பி அம்மாவின் கட்டிலைப் பிடித்து எழும்பப் பார்த்தான். நான் அவனை உதைத்தேன். கட்டில் அசைந்து போர்வை விலகியது.

அம்மாவின் வலது கைக்குள் பாடுபட்ட சுருபம் இருந்தது. நெஞ்சோடு இறுக்கிப் பிடித்திருந்தா.

சாகிற நேரத்தில் ஒருவர் பாடுபட்ட சுருபத்தைக் கழற்றி வாயில் வைத்து முத்தமிடச் செய்வார், முத்தி செய்விப்பது என்போம். உயிர் போனதும் அதைக் கையில் வைத்துவிடுவது எங்கள் வழக்கம். வீட்டில் வேறு கோயில்காரர் இல்லை. ஆணியில் இருந்து அதைக் கழற்றி, அம்மாவின் வாயில் வைத்து, கைக்குள் கொடுத்தது ஆர் என்று எனக்கு ஒருவரும் சொல்லத் தேவையில்லை. கல்லையும் கட்டையையும் கும்பிடக்கூடாது என்று வள்ளத்துக்குள் என்னோடு சண்டை பிடித்தவன், அம்மாவுக்காக அதைத் தன் கையால் தூக்கியிருக்கிறான்.

கூட்டத்தில் நான் பேசாமல் விடுகிற பாதி இனித்தான் வருகிறது.

அறைக்குள் அந்த நேரம் நான், நிலத்தில் கிடந்த தம்பி, அவன் பெண்சாதி, வாசலில் அப்போதுதான் வந்து நின்ற என் மனுசி. வேறு ஆட்கள் இல்லை. ஒழுங்கையில் சனம் திரும்பி வருகிற சத்தம் கேட்டது. நான் குனிந்து அம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாக விரித்தேன். விறைத்துப் போயிருந்தது. பெருவிரலை நிமிர்த்தும்போது அது முறிந்துவிடுமோ என்று பயந்தேன், ஆனாலும் நிமிர்த்தினேன். சுருபத்தை எடுத்து ஆணியில் மாட்டினேன். சனம் உள்ளே வரும்போது நான் அதன் கீழே நின்றுகொண்டிருந்தேன்.

"எங்கயடா எறிஞ்சிருந்தவன்?" என்று பெரியப்பாவின் மகன் கேட்டான்.

"கட்டிலுக்குக் கீழ" என்றேன்.

ஆண்டவருடைய உருவத்துக்குக் கீழே நின்று சொன்னேன். தம்பியின் பெண்சாதி வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தாள். பிறகு கத்தினாள், பொய், பொய் என்று தலையில் அடித்துக் கத்தினாள். அல்லேலூயாக்காரியின் பேச்சை ஆர் கேட்டது? என் மனுசி என்னைத் தாண்டிக் கட்டிலடிக்குப் போனா. அம்மாவின் கையைத் தன் கைக்குள் வைத்துத் தடவிக்கொண்டு இருந்தா.

தம்பியை, மீன் எடுக்கிற அந்த நானா, தன் சின்னப் பட்டா லொறியில் ஐஸ் பெட்டிகளுக்கு நடுவில் கிடத்தி மன்னார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார். போகும்போது என்னைப் பார்த்து, "மய்யித்து கிடக்கிற வீட்டுல இதென்ன வேலை வாப்பா" என்று மட்டும் சொன்னார். அதன் பிறகு நான் மூப்பரிடம் போனேன். மணி அடித்தது.

அடுத்த நாள் பின்னேரம் அடக்கம். சேமக்காலைக் குழிக்குள் பெட்டியை இறக்கும் நேரம், தம்பி ஓட்டோவில் வந்து இறங்கினான். தலை முழுக்க வெள்ளைத்துணி. மூக்கு வீங்கிக் கண் தெரியவில்லை. அவனுடைய பெண்சாதியும், முருங்கனில் வயல் செய்கிற அவளுடைய தமையனும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு வந்தார்கள். அம்மாவுக்கு ஒரு பிடி மண் போட வந்தான். அவ்வளவுதான் கேட்டான்.

சேமக்காலை வாசலில் பெரியப்பாவின் மகனும் இன்னும் பத்துப் பதினைந்து பேரும் கையைக் கோர்த்து நின்றார்கள்.

"சுருபத்தை எறிஞ்ச கையால மண் போடுவியோ? போய் உன்ர தகரக் கொட்டிலில போடு!"

முதல் கல் ஆர் எறிந்ததோ தெரியாது. தமையன்காரன் இடுப்பில் இருந்து கத்தியை உருவினான். பெரியப்பாவின் மகன் அதை வெறுங்கையால் பிடித்தான். சின்னவிரல் பாதி அறுந்து தொங்கியது. அதைக் கண்டதும் சனத்துக்கு விசர் பிடித்தது. செத்தவர்களின் சிலுவைகளைப் பிடுங்கி அடித்தார்கள். சுவாமி பூசை உடுப்போடு நடுவில் பாய்ந்து, "இது கலியாண வீடோ, களியாட்டமோ? தாயை அடக்கம் பண்ணுற இடமடா!" என்று தொண்டை கிழியக் கத்தினார். அவருடைய தோளிலும் ஒரு கல் விழுந்தது.

அந்தக் கூச்சலுக்குள் தம்பியின் பெண்சாதியின் குரல் மட்டும் எனக்குத் தெளிவாகக் கேட்டது. "அத்தான்! ஒரு வார்த்தை! ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்கோ!"

ஒரு வார்த்தை போதும். அம்மாவின் கைக்குள்தான் இருந்தது என்று சொன்னால் எல்லாரும் கையை இறக்கியிருப்பார்கள். நான் குழியின் பக்கம் திரும்பினேன். என் பிடி மண்ணைப் போட்டேன். பொலிஸ் வந்து தம்பியை ஓட்டோவுக்குள் தள்ளி அனுப்பியது.

அதன் பிறகு ஊர் ஊராக இருக்கவில்லை. தமையன்காரன் வந்து எங்கள் வலைகளைக் கண்டதுண்டமாக வெட்டிப் போட்டான். எங்கள் ஆட்கள் போய்ச் சபைக் கொட்டிலைக் கொளுத்தினார்கள். நான் கொளுத்தவில்லை. தடுக்கவும் இல்லை. தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் குடத்தால் அடிபட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் சுவாமி சமாதானம் பரிமாறச் சொன்னபோது, ஒருவரும் ஒருவர் முகத்தைப் பார்க்காமல் கையை மட்டும் கூப்பினோம்.

ஆஸ்பத்திரியில் பொலிஸ் தம்பியிடம் அடித்தது ஆர் என்று கேட்டதாம். சொல்ல விருப்பமில்லை என்றானாம். காதைத் தைத்துவிட்டார்கள். கேட்கிற நரம்பு செத்துப் போய்விட்டது என்று டொக்டர் சொன்னதாக நானா வந்து சொன்னார். நல்ல காது அதுதான். மற்றது செல் விழுந்த காது. எஞ்சின் சத்தம் மாறுவது கேட்காதவன், அலைக்குள் கூப்பிட்டால் திரும்பாதவன் கடலுக்கு எப்படிப் போவான்?

என் வீட்டில் ஒவ்வொரு பின்னேரமும் செபமாலை முடிய ஒரு வாசகம் வாசிப்போம். வாசிக்கிறது என் மனுசிதான். அம்மா செத்த பிறகு ஒரு நாள் இதை வாசித்தா. மத்தேயு ஐந்தாம் அதிகாரம். காணிக்கையோடு பீடத்துக்கு வரும்போது, உன் சகோதரனுக்கு உன்மேல் மனத்தாங்கல் இருப்பது நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே விட்டுவிட்டு முதலில் போய் அவனோடு ஒப்புரவாகு என்கிற இடம். அடுத்த நாளும் அதையே வாசித்தா. அடுத்த நாளும். ஆறாம் நாள் நான் கேட்டேன்.

"வேற இடம் வாசிக்கத் தெரியாதோ உனக்கு?"

"தெரியும்."

"பிறகேன் இதிலயே நிக்கிறாய்?"

"நீங்கள் இன்னும் போகேல்லையே. போனால் அடுத்ததுக்குப் போவன்."

நான் வேதாகமத்தை அவவின் கையில் இருந்து பறித்துச் சுவரோடு எறிந்தேன். தையல் விட்டு, தாள் ஒற்றைகள் மழை மாதிரி விழுந்தது. அதோடு நிற்கவில்லை, அவவின் கன்னத்திலும் ஒன்று போட்டேன். கலியாணம் கட்டின இருபத்தாறு வருசத்தில் முதல் தரம். அவ அழவில்லை. குனிந்து ஒற்றைகளைப் பொறுக்கினா. பொறுக்கிக்கொண்டே சொன்னா, "சுருபத்தை எறிஞ்சவன் எண்டு அவனைத்தானே அடிச்சனீங்கள்."

 சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். எல்லாத்தையும் சொன்னேன்.  சுவாமி கல் பட்ட தோளைத் தடவுகிறது தட்டி ஓட்டைக்குள்ளால் தெரிந்தது.

"பொய்யை எனக்கு முன்னால சொன்னனீயோ?"

"இல்லை சுவாமி. ஊருக்கு முன்னால."

"அப்ப ஏன் உண்மையை மட்டும் என்ர காதுக்குள்ள சொல்லுறாய்?"

திங்கட்கிழமை அம்மாவின் முப்பத்தோராம் நாள். பத்து மணிக்குப் பூசை, பிறகு என் வீட்டில் எல்லாருக்கும் சாப்பாடு. எட்டு மணிக்கு வேட்டி உடுத்திக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போனேன். ஒரு கணக்கோடுதான் போனேன். தம்பியிடம் மட்டும் மெல்லமாகச் சொல்லுவது, அவன் மன்னித்தால் மிச்சத்தைக் காலப்போக்கில் பார்க்கலாம் என்று.

வேலிப் படலையில் தமையன்காரன் நின்றான். நான் வாய் திறக்க முதல் உலக்கையால் நெஞ்சில் குத்தினான். விழுந்தேன். முகத்தில் மிதித்தான், பல் ஒன்று வாய்க்குள் கழன்று வந்தது. "அடி, திருப்பி அடி! உன்ர கருக்குமட்டை எங்கயடா?" என்றான். என் கை மண்ணுக்குள் கல்லைத் தேடியது. தேடினது எனக்குத் தெரியும். ஒரு கல் அகப்பட்டதும் உண்மை. விட்டுவிட்டேன். தவண்டு உள்ளே போனேன். அவனுக்கு என்ன தோன்றியதோ, போக விட்டான்.

தம்பி வேலி ஓரத்து நிழலில் இருந்து ஊசியால் வலை பொத்திக்கொண்டிருந்தான். அந்தத் தமையன்காரன் வெட்டின எங்கள் வலைதான் அது. நான் போய் அவனுக்குப் பக்கத்தில் மண்ணில் குந்தினேன்.

"தம்பி, நான் பொய் சொன்னனான். அது அம்மாவின்ர கையுக்குள்ளதான் இருந்தது. நீதான் குடுத்தனீ. என்னை மன்னிச்சுக்கொள்."

ஒழுங்கையால் ஆட்கள் போய்வந்துகொண்டிருந்ததால் மெல்லமாகத்தான் சொன்னேன். அவன் திரும்பவில்லை. ஊசி போய் வந்துகொண்டே இருந்தது. இன்னொரு தரம் சொன்னேன். அசையவில்லை. எனக்குள் அந்தப் பழைய நெருப்பு குப்பென்று ஏறியது. பல்லு உடைந்து, ரத்தம் வழிய வந்து மண்ணில் குந்தியிருக்கிறேன், இவன் மூஞ்சையைத் திருப்பவும் மாட்டானோ? என் கை எழும்பி அவனுடைய பிடரிக்கு மேலே நின்றது. சத்தியமாக நின்றது.

"அத்தான்" என்று அடுப்படி வாசலில் இருந்து அவன் பெண்சாதி சொன்னாள். குரலில் கோபம்கூட இல்லை. "அது நீங்கள் அடிச்ச பக்கம். கேளாது."

கை தானாக விழுந்தது.

"மற்றப் பக்கம் போங்கோ. அதுவும் கத்தினால்தான் கேக்கும்."

எழும்பி மற்றப் பக்கம் போனேன். ஒழுங்கையில் வெள்ளை உடுப்போடு சனம் கோயிலுக்குப் போகத் தொடங்கியிருந்தது. கத்தினேன். "நான் பொய் சொன்னனான்!" தம்பி ஊசியை நிறுத்தி என்னைப் பார்த்தான். என் வாயில் வழிந்த ரத்தத்தைப் பார்த்தான்.

"என்ன?"

"சுருபம் அம்மாவின்ர கையுக்குள்ள இருந்தது! கட்டிலுக்குக் கீழ இல்லை! நான்தான் விரலை விரிச்சு எடுத்து மாட்டினனான்!"

வேலிக்கு அப்பால் நடை நின்றது. ஒரு தலை, இரண்டு தலை, பிறகு வேலி நீளத்துக்குத் தலைகள்.

"விளங்கேல்ல அண்ணன். இன்னொருக்காச் சொல்லு."

எனக்குள் இருந்த மூச்செல்லாம் சேர்த்துக் கத்தினேன். அம்மாவுக்கு முத்தி செய்வித்தவன் இவன். மணிக்காக எனக்குக் காத்திருந்தவன் இவன். சேமக்காலை வாசலில் நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஒருவர் ரத்தமும் சிந்தியிருக்காது. பொய்யன் நான். எல்லாத்தையும் கத்தினேன். தொண்டைக்குள் ரத்தம் போய் இருமல் வந்தது.

பெரியப்பாவின் மகன் வேலியைப் பிய்த்துக்கொண்டு உள்ளே வந்தான். பாதி விரல் இல்லாத கையை என் முகத்துக்கு நேரே நீட்டினான். "உன்ர பொய்க்கோடா நான் இதைக் குடுத்தனான்?" அந்தக் கையாலேயே குத்தினான். நான் விழுந்தேன். வயிற்றில் உதைத்தான். படலையில் நின்ற தமையன்காரன், "குத்து, நல்லாக் குத்து" என்றான். தடுக்க ஒருவரும் வரவில்லை. வர வேணும் என்று நானும் நினைக்கவில்லை.

தம்பிதான் எழும்பி வந்து அவனுடைய மணிக்கட்டைப் பிடித்தான்.

"காணும். விடு."

"உனக்குச் செய்தது காணாதோ? இவனையோ பாவம் பாக்கிறாய்?"

"எனக்கு ஆர் என்ன செய்தவை எண்டு எனக்குத் தெரியும். விடு எண்டுறன்."

சொன்ன விதத்தில் விட்டான். தம்பி குனிந்து என் கக்கத்துக்குள் கையைக் கொடுத்துத் தூக்கி இருத்தினான்.

"ரெண்டாந்தரமே கேட்டது" என்றான். "அவைக்கும் வடிவாக் கேக்கட்டும் எண்டுதான் திரும்பச் சொல்லச் சொன்னனான்."

மன்னிச்சிட்டன் என்று சொல்லவில்லை. நானும் திரும்பக் கேட்கவில்லை. "நேரம் போகுது, முகத்தைக் கழுவிக்கொண்டு பூசைக்குப் போ" என்றான்.

"நீ வரமாட்டியோ?" என்று அவனுடைய இடது காதோடு சத்தமாகக் கேட்டேன்.

"கோயிலுக்கு வரமாட்டன்." ஊசியை எடுத்து வலையில் குத்தி வைத்தான். "சாப்பாட்டுக்கு வாறன். அம்மாவின்ர சாப்பாடெல்லோ."

வந்தான். வாயில் குத்து வாங்கின அந்த வயதுபோன மனுசனையும் கூட்டிக்கொண்டு வந்தான். பந்தியில் இடம் விட ஒருவரும் முதலில் நகரவில்லை. என் மனுசி போய் இரண்டு பேரை எழுப்பி விட்டுப் பாயை விரித்தா. நான் சோற்றுச் சட்டியோடு குனிந்து ஒவ்வொருவராகப் பரிமாறிக்கொண்டு வந்தேன். தம்பிக்குப் போடும்போது, காணுமோ என்று கேட்டேன். அவனுக்குக் கேட்கவில்லை. இலையைப் பார்த்துக்கொண்டு இருந்தான். அவன் நிமிர்ந்து பார்க்குமட்டும் அகப்பையோடு அப்படியே குனிந்து நின்றேன்.